ஏலத்தைச் சுற்றி வந்தவள்

அவள் எங்கள் பக்கத்தில் இருந்த நாட்களில் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட தமிழ் வாக்கியம் ஒன்றுதான்: "அங்க போலாமா?" மற்ற சொற்களை எல்லாம் வாயில் போட்டு மென்று அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுவாள். இது மட்டும் கூடுவாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள் மாதிரி வரும். காதைச் சோதிக்க யாரை உட்காரவைத்தாலும் கருவி ஒரு பதில் சொல்லும், ஆள் ஒரு பதில் சொல்வார். இரண்டையும் குறித்துக்கொண்டு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டுவாள். "அங்க போலாமா?" அங்கே என்றால், அந்த ஆளுக்கு எந்த இடத்தில் காது கேட்காமல் போகிறதோ அந்த இடம்.

அவள் பெயரைச் சொல்லப்போவதில்லை. என் பெயரை அவள் கடைசிவரை சரியாகச் சொல்லவில்லை, அதற்கு இது சரியாகப் போயிற்று. கனடாவில், காது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்திப் பழக்கும் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பில் ஒரு பகுதியை வேறு நாட்டில், வகுப்பறைக்கு வெளியே, ஆட்களோடு பழகிக் கற்க வேண்டுமாம். அப்படி ஏழெட்டு மாணவர்களும் ஓர் ஆசிரியையும் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரிக்கு வந்து தங்கினார்கள். அங்கிருந்து தினமும் வேனில் வந்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சமுதாயக் கூடத்தில் இலவச முகாம் நடத்தினார்கள். எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றிப் போட்ட பிறகு வந்த மார்கழி அது. தேதி, கிழமை, அன்றன்றைக்குக் காற்று வீசிய திசை எல்லாம் என் அலமாரியில் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம். இதுவரை யாரும் வந்ததில்லை.

நான் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது புதுப்பட்டினத்தில் வீடு. எந்தக் குளம் எப்போது தூர்ந்தது, எந்தத் தடத்தில் பஸ் எப்போது நின்றது என்று எழுதிவைப்பது என் பொழுதுபோக்கு. கல்லூரிக்காரர்கள் மாணவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். முகாமில் மொழிபெயர்ப்பாளராகவும் நானே என்னை நியமித்துக்கொண்டேன். தமிழ் தெரியும், ஆங்கிலம் தெரியும், நேரத்துக்குக் குறைவில்லை. காது எப்படி என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

விசாரித்தது என் மனைவி மட்டும்தான்.

"காது டாக்டருங்க கூட்டத்துக்கு நீங்க மொழிபெயர்ப்பா? ஜோராத்தான் கீது."

"என் காதுக்கு என்ன? நீதான் வாய்க்குள்ளயே பேசற."

"நான் சமையல்கட்டுலேர்ந்து கூப்ட்டா பக்கத்து வூட்டுக்காரி 'இன்னாக்கா'ன்னு வந்து நிக்கறா. கூடத்துல குந்திகினு கீற உங்களுக்குக் கேக்கல."

இதற்கு என்னிடம் ஒரு தந்திரம் இருந்தது. முழுக்கத் தந்திரம் என்று அப்போது எனக்கே தெரியாது. நான் பேசிக்கொண்டே இருப்பேன். பேசுகிறவன் கேட்கவேண்டியதில்லை. ஊர்ச் சரித்திரம் என்பது ஒருவர் தடையில்லாமல் பேசுவதற்கென்றே ஏற்பட்ட துறை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்களை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனேன். கடற்கரைக் கோயிலுக்கு முன்னால் நின்று, பல்லவர்களில் தொடங்கி, நடுவில் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனேன். மற்ற மாணவர்கள் இளநீர்க் கடைப் பக்கம் ஒவ்வொருவராக நழுவினார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட இவள் மட்டும் நகரவில்லை. அது மட்டுமில்லை, என்னை மெதுவாகச் சுற்றி வந்தாள். இடப்பக்கம் கொஞ்சம் நிற்பாள், பின்னால் போவாள், வலப்பக்கம் வருவாள், திரும்ப இடப்பக்கம். அவள் உதடு அசைகிற மாதிரியும் இருந்தது. என் அறிவைக் கண்டு ஒரு வெளிநாட்டுப் பெண் பிரதட்சணம் செய்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு கோயில சுத்திருக்கும். நடுவுல நீங்க நின்னிருப்பீங்க" என்றாள்.

அந்த மாணவியின் பிடிவாதத்தை முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். முகாமுக்கு ஓர் ஆட்டோக்காரர் வந்தார். வீட்டில் ஒன்றுமே கேட்கமாட்டேன் என்கிறது, மனைவி திட்டுகிறாள் என்றார். கூடத்தில் சோதித்தால் காது பழுதில்லாமல் இருந்தது. கருவியைத் தூக்கிவைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடவேண்டியதுதானே? "அங்க போலாமா?" அவருடைய ஆட்டோவிலேயே அவர் வீட்டுக்குப் போனோம். முன்னறையில் டிவியில் சண்டை, பின்னறையில் மிக்ஸி, அடுப்பில் குக்கர். இந்த மூன்றுக்கும் நடுவில் அவர் மனைவி என்னவோ சொன்னார். இவள் எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

"அதாம்மா நானும் சொல்றன்! தெனம் சொல்றன்!" என்றார் அந்த அம்மாள். ஆட்டோக்காரர் இவளைத் துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தார். திரும்ப வரும்போது சவாரிக் காசு கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவள் தோழிகளும் கேலி செய்வார்கள். ஒரு காதைச் சோதிக்க ஒரு ஊரையே சோதிக்கிறாள் என்று. அவள் தோளைக் குலுக்குவாள். அறையில் கேட்கிற காது அறைக்குத்தான் உதவும், ஆட்கள் அறையிலா வாழ்கிறார்கள் என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இது எனக்கு முழுதாகப் புரிந்தது.

கன்னியம்மா வந்தது முகாமின் கடைசி வாரத்தில். பக்கத்துக் குப்பத்தில் மீன் ஏலம் விடுகிறவர். ஐம்பதைத் தாண்டிய, நெடுநெடுவென்ற பெண்மணி. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, தலைவலிக்கு மாத்திரை வாங்க வந்ததாகச் சொன்னார். இங்கே மாத்திரை கிடையாது, காதுதான் என்றதும், "சரி, வந்தது வந்துட்டன், பாத்துக்கோ" என்று உட்கார்ந்தார்.

சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்க வேண்டும் என்று விளக்கினேன். கன்னியம்மா சத்தம் வந்தபோதும் தூக்கினார், வராதபோதும் தூக்கினார். இவள் கருவியை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனபோதும் தூக்கிக்கொண்டிருந்தார். மற்ற மாணவர்கள், மொழிபெயர்ப்பாளர் சரியாக விளக்கவில்லை என்று என்னைப் பார்த்தார்கள். இவள் கன்னியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள்.

"அங்க போலாமா?"

"எங்க?" என்றார் கன்னியம்மா.

"நீங்க ஏலம் விடற எடத்துக்கு" என்றேன்.

கன்னியம்மாவின் முகம் மாறிவிட்டது. எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். நாங்களும் பின்னால் போனோம். அவர் என் எதிரே நின்று சொன்னார்.

"சார், அதுங்கிட்ட சொல்லு. சின்ன வயசுல வலது காதுல சீழு வடிஞ்சிது. வெளில யாருக்கும் தெரியாது. எடது காதால சமாளிச்சிகினு வந்தன். இப்ப ரெண்டு மூணு தபா ஏலத்துல ஒருத்தன் சொன்ன வெல எனக்குக் கேக்கல, கம்மியா சொன்னவளுக்கு விட்டுட்டன். எம் மனுசாளுக்கு வேணும்னே விடறன்னு பேசறானுங்க. காது கேக்கலன்னு சொன்னா ஏலம் போயிடும், எங்கொழுந்தன் புள்ள குமாரு துண்டப் போட்டுகினு ரெடியா கீறான். காது நல்லா கேக்குதுன்னு சொன்னா நான் திருடி. இதுல எதச் சொல்ல?"

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். நடுவில் அந்தக் குப்பத்தில் ஏலம் எப்போது தொடங்கியது என்பது பற்றி இரண்டு வரி சேர்த்தேன், அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். வந்து பார்க்கிறேன், பார்ப்பதோடு சரி, யாரிடமும் எதுவும் சொல்லமாட்டேன் என்றாள். கன்னியம்மா அவள் தொப்பியைப் பார்த்துவிட்டு, "வெள்ளக்காரப் பொண்ணு வேடிக்க பாக்க வந்திச்சின்னு சொல்லிக்கறன்" என்றார்.

மறுநாள் காலை அவள் மட்டும் தனி வண்டியில் வந்தாள். படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. மணலில் தார்ப்பாய் விரித்து, சங்கராவும் கவளையும் கானாங்கத்தையும் குவியல் குவியலாகக் கொட்டியிருந்தார்கள். கன்னியம்மா குவியலுக்குப் பக்கத்தில் நிற்க, வாங்க வந்தவர்கள் சுற்றி வட்டமாக நின்றார்கள். அந்தக் குப்பத்து ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேட்கிறவர்கள் விலையைக் கத்திச் சொல்லமாட்டார்கள். கத்தினால் ஆசை வெளியே தெரிந்துவிடும், பக்கத்தில் நிற்கிறவன் ஏற்றிவிடுவான். அதனால் ஏலக்காரியின் காதில் மட்டும் விழும்படி முணுமுணுப்பார்கள். அவர் அதை வாங்கி உரக்கச் சொல்லுவார். யார் கேட்டது என்று ஊருக்குத் தெரியாது. அலைச் சத்தம், காற்று, காக்கை, டீசல் இன்ஜின், இவ்வளவுக்கும் நடுவில் அந்த முணுமுணுப்பு. எனக்குக் கன்னியம்மாவின் குரலே பாதிதான் வந்தது. நான் தலையை ஆட்டிக்கொண்டு, எல்லாம் புரிந்தவன் மாதிரி நின்றேன்.

இரண்டு குவியல் போயிற்று. மூன்றாவதாக வந்த சங்கராக் குவியலில் கன்னியம்மா "மூணு தரம்" சொல்லித் தன் தம்பி மனைவியின் பக்கம் கையைக் காட்டினார். வட்டத்தின் வலப்பக்கத்திலிருந்து மணி என்கிற வியாபாரி துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தான். பைக்கில் ஐஸ்பெட்டி கட்டி அணுபுரம் வரை விற்கிறவன்.

"யக்கா, நிறுத்து! நான் அதுக்கு மேல சொன்னன். மூணு தபா சொன்னன். காதுல வாங்கிகினே உன் தம்பி பொண்டாட்டிக்குத் தள்ற. திருட்டு ஏலமா இது?"

படகுக்காரர்கள் எழுந்து வந்தார்கள். அவர்களில் பெரியவர், "கன்னிம்மா, அவன் சொன்னது கேட்டுச்சா இல்லியா?" என்றார்.

கன்னியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். எந்தப் பதிலைச் சொன்னாலும் முடிந்தது.

என்ன நடக்கிறது என்று அவள் என்னைக் கேட்டாள். மணி போட்ட கூச்சல் எனக்கே நன்றாகக் கேட்டிருந்ததால் சொன்னேன். கேட்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வட்டத்துக்குள் போனாள். கன்னியம்மாவின் வலப்பக்கம் நின்று, ஊர் சுற்றிய நாட்களில் நான் வேனில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்திருந்த தமிழ் எண்ணில் ஒரு விலையை முணுமுணுத்தாள். கன்னியம்மா திரும்பவில்லை. இன்னும் ஒருமுறை சொன்னாள். திரும்பவில்லை. சிலர் சிரித்தார்கள். அவள் பின்பக்கமாகச் சுற்றிப் போனாள், சொன்னாள். ஒன்றுமில்லை. இடப்பக்கம் வந்து அதே விலையை அதே குரலில் சொன்னாள். கன்னியம்மா பழக்கத்தில் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி, அவள் சொன்ன விலையை உரக்கச் சொல்லிவிட்டார்.

சிரிப்பு நின்றது. தம்பி மனைவியும் மற்ற உறவுக்காரிகளும் எப்போதும் வலைக்கொட்டகை நிழலில், கன்னியம்மாவின் இடப்பக்கம் நிற்பவர்கள். மணி தன் பைக்கை நிறுத்த வசதியாக எப்போதும் வலப்பக்கம். எல்லாரும் ஒரே நேரத்தில் அந்த இரண்டு பக்கத்தையும் பார்த்தார்கள்.

நான் பார்த்தது வேறு. கடற்கரைக் கோயில் முன்னால் அவள் என்னைச் சுற்றி வந்தது, உதடு அசைந்தது, நான் திரும்பாமல் பல்லவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. பிரதட்சணமாம். அந்த வட்டத்தில் வெட்கப்பட எனக்கும் ஓர் இடம் இருந்தது. ஆனால் அன்றைய வெட்கம் என்னுடையது அல்ல.

"அப்ப அது திருட்டு இல்லடா" என்றார் பெரியவர். மணி தலையைச் சொறிந்தான். "எனக்கு இன்னா தெரியும்?" என்றான். குமார் மட்டும் துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டான்.

கன்னியம்மா அவளிடம் வந்தார். நான் மொழிபெயர்க்கத் தேவையே இல்லாத குரலில் சொன்னார்.

"திருடின்னு சொன்னானுங்க, பொறுத்துகினு நின்னன். நீ வந்து செவிடின்னு ஆக்கிட்டியே பொண்ணே. பாக்கறன்னுதான சொன்ன?"

பிறகு தார்ப்பாயைத் தாண்டி வீட்டுக்குப் போய்விட்டார். மீதிக் குவியல்களைக் குமார் ஏலம் விட்டான். இனி ஏலம் யார் விடுவது என்பதை நாளைக்கு உட்கார்ந்து முடிவு பண்ணலாம் என்றார் பெரியவர். இவள் கேட்ட விலைக்கு அந்தச் சங்கராக் குவியல் இவள் தலையில் விழுந்தது. ஏலம் ஏலம்தான் என்று படகுக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. காசை எண்ணி வைத்துவிட்டு, அவள் என்னைப் பார்த்தாள். அதைத் தூக்கிக்கொண்டு போகிற பொறுப்பு சரித்திரத்துக்கு வந்தது.

கூடத்தில் அவளுடைய ஆசிரியை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் இரண்டு வாக்கியம்தான் சொன்னார். உன் பதில் சரி. ஆனால் அதைச் சொல்லும் உரிமை உன்னுடையது அல்ல. அவள் அன்று முழுக்க யாரையும் எங்கேயும் கூப்பிடவில்லை.

மாலையில் என்னை அழைத்துக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல நோக்கம், அறிவியல், இரு நாட்டு உறவு என்று தொடங்கினேன்.

"சார், நீ சும்மா இரு. அது பேசட்டும்."

அவள் கன்னியம்மாவின் இடப்பக்கம் போய் மணலில் உட்கார்ந்தாள். "தப்பு" என்றாள். கொஞ்சம் யோசித்து, "என் தப்பு" என்றாள். அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான், அதற்கு மேல் ஆங்கிலத்துக்கும் அவள் போகவில்லை. முறம் போய்வருகிற சத்தம் மட்டும் இருந்தது. இருந்திருக்கும்.

"மீன இன்னா பண்ண?" என்றார் கன்னியம்மா கடைசியில்.

"எங்க வூட்ல கொழம்பு வெச்சாங்க. தெரு முழுக்கக் குடுத்தாங்க" என்றேன்.

"அத்தினி வெல குடுத்து சங்கரா யாராவது எடுப்பாங்களா?" என்று முறத்தைக் கீழே வைத்தார். "மணி பயந்துட்டிருப்பான், இவ தெனம் வந்தா நம்ம பொழப்பு இன்னா ஆவறதுன்னு."

அவள் என்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். நாளைக்கு ஏலத்துக்குப் போவீர்களா, போனால் எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று. கன்னியம்மா முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். எழுந்து உள்ளே போனார். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

மறுநாள் அவர்களுடைய கடைசி நாள். காலையிலேயே கூடத்தைக் காலி செய்துவிட்டு வேன் செங்கல்பட்டுக்குத் திரும்பும் வழியில், அவள் கெஞ்சியதால் குப்பத்தில் கொஞ்சம் நின்றது. அவள் இறங்கினாள், ஆனால் தார்ப்பாய் அருகே போகவில்லை, ரோட்டோரத்திலேயே நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

கன்னியம்மா முக்காடு இல்லாமல் வந்தார். மீன் கொட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். "இங்க வாணாம், அங்க கொட்டு" என்று கரையில் ஏற்றியிருந்த ஒரு ஃபைபர் படகைக் காட்டினார். ஆட்கள் பெரியவரைப் பார்த்தார்கள், அவர் ரோட்டுப் பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டார். மீனை அங்கே மாற்றிக் கொட்டினார்கள். கன்னியம்மா போய், வலது தோள் படகில் ஒட்டும்படி நின்றார். அந்தப் பக்கம் இனி ஒரு ஆள் நிற்க முடியாது. வாங்க வந்தவர்கள் எல்லாரும் வேறு வழியில்லாமல் இடப்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். மணி பைக்கை விட்டுவிட்டு மணலில் நடந்து வந்து, கூட்டத்தில் முண்டி முன்னால் நின்றான்.

கன்னியம்மா விலை தொடங்கினார். மணி துண்டை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். வழக்கத்தில் செய்தானோ, சோதிக்கத்தான் செய்தானோ. கன்னியம்மா ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"டேய் மணி, துண்ட எடுத்துட்டு வாயத் தொறந்து சொல்லு. எனக்குக் காது மந்தம். நேத்தே ஊருக்குத் தெரிஞ்சி போச்சி, இன்னும் எதுக்குக் குசுகுசுங்கற?"

மணி சுற்றும் முற்றும் பார்த்தான். வேறு வழியில்லை. சத்தமாகச் சொன்னான். ரோட்டோரத்தில் நின்ற எனக்கே கேட்டது. எனக்கே கேட்டது என்றால் அவன் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காமல் இருக்குமா? உடனே ஒரு பெண் அதற்கு மேல் ஏற்றிச் சொன்னாள். மணி அதற்கு மேல். பின்னாலிருந்து இன்னொருவன் அதற்கும் மேல். தம்பி மனைவி இரண்டு சுற்றிலேயே கையை உதறிவிட்டு விலகிக்கொண்டாள். ஒன்றரைப் பனை உயரத்துக்கு விலை ஏறுவதைப் படகுக்காரர்கள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா யக்கா இது அநியாயம்?" என்று மணி கத்தினான். "உனக்குக் காது கேக்கலன்னா எங்க துட்டு ஏன் போவணும்?"

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற பெரியவரிடம் குமார் வந்து நின்றான். "சித்தப்பா, நேத்து பேசிகினோமே..."

பெரியவர் ஏலத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எத்தப் பேசிகினோம்? போ, போய் அடுத்த பொட்டிய எறக்கு. அவளே விடட்டும்."

வேன்காரர் ஹாரன் அடித்தார். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, கன்னியம்மா என்ன சொன்னார், என்ன சொன்னார் என்றாள். நான் சொன்னேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். கன்னியம்மா ஒருமுறை ரோட்டுப் பக்கம் பார்த்தார். வெள்ளைத் தொப்பியை அவர் பார்த்தது நிச்சயம். கை காட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அடுத்த குவியலுக்கு விலை சொல்லத் தொடங்கினார், முந்தைய நாளைவிட உரத்த குரலில்.